பெயர் ஏட்டில், கடவுச்சொல் நெஞ்சில்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

கல்லூரியில் நம் பெயர் எத்தனை ஏடுகளில் இருக்கிறது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நூலக அட்டையில், தேர்வுக் கட்டணப் பட்டியலில், உதவித்தொகைப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நாம் நாள்தோறும் விரல் பதித்து உழைக்கும் ஓரிடத்தில் மட்டும் நம்மில் பலருக்குப் பெயர் இல்லை. அதுதான் கணினிக் கூடம்.

எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் இதுதான் நிலை. கூடத்தில் நாற்பது கணினிகள் இருக்கும். நாற்பதிலும் ‘ஸ்டூடண்ட்’ என்ற ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அச்சொல் கரும்பலகையின் மூலையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். எழுதக்கூடத் தேவையில்லாதபடி ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களாக இருப்பதும் உண்டு. முதலாண்டு மாணவருக்கும் அதே பெயர், மூன்றாமாண்டு மாணவருக்கும் அதே பெயர். படிப்பை முடித்துப் போனவர்களுக்கும் அந்தச் சொல் நன்றாகத் தெரியும்.

இதனால் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு மூன்று கேடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உழைப்பு அழிகிறது. நம்மில் பலருடைய வீட்டில் கணினி கிடையாது. செய்முறைத் தேர்வுக்கான நிரல்களையும் இறுதியாண்டுத் திட்டப்பணியையும் கூடத்திலேதான் எழுதுகிறோம். காலை வகுப்பில் ஒருத்தி எழுதி வைத்ததை மாலை வகுப்பில் ஒருவன் வேண்டாத கோப்பு என்று எண்ணி நீக்கிவிடலாம். அவன் தீயவன் அல்லன். இருவரும் ஒரே பெயரில் நுழைவதால் கணினியின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. எனவே அதனால் தடுக்க இயலாது.

இரண்டாவது, பழி பொதுவாகிறது. பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. கூடத்துக் கணினி ஒன்றிலிருந்து ஒருவர் இத்தகைய குற்றத்தைச் செய்தால் யாரைப் பிடிப்பது? அந்த நேரத்தில் அங்கே அமர்ந்திருந்த எவர்மீதும் ஐயம் விழும். குற்றமற்றவன் தான் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்க ஒரு வரிச் சான்றும் இராது.

மூன்றாவது, பழக்கம் கெடுகிறது. கடவுச்சொல் என்றால் ஊரறிந்த சொல் என்று கல்லூரியிலே கற்றுக்கொண்டவர், வங்கிக் கணக்கிலும் உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதே பழக்கத்தைத்தான் காட்டுவார்.

கடவுச்சொல் வந்த கதை

ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தபோதே கடவுச்சொல்லும் வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961-ல் செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறையில், ஒவ்வொருவருடைய கோப்புகளும் அவரவர்க்கே உரியனவாக இருக்கக் கடவுச்சொல் பயன்பட்டது. ஆனால் 1966-ல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பணியாளர் இருவர் ஒரே வேளையில் இரண்டு கோப்புகளைத் திருத்தப் போக, கோப்புகள் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைவோரை வரவேற்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் எல்லாருடைய முனையத்திலும் அச்சாகி வந்தன!

பின்னர் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல் ஒருவழிக் குறியாக மாற்றி வைத்தார்கள். அரிசியை மாவாக்கலாம்; மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. அதுபோன்றதே இம்முறை. ஆயினும் இதுவும் முழுக் காப்பன்று. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவையாக இருந்தன என்று காட்டினார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு! மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாவிட்டாலும், அகராதியில் உள்ள சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாக அரைத்து எந்த மாவோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம் அல்லவா? இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கையால் செய்வதன் இடர்

“சரி, ஆளுக்கொரு கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டால் போகிறது” என்பர். சொல்வது எளிது. வகுப்புக்கு ஐம்பது பேர் என்று கொண்டால் மூன்றாண்டுக்கும் சேர்த்து நூற்றைம்பது பேர். ஆண்டுதோறும் ஐம்பது பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஐம்பது பெயர்களை நீக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து கட்டளை தட்ட வேண்டும். சேர்ப்பதற்கு மாணவர் வந்து நிற்பார். நீக்குவதற்கு யார் வந்து நிற்பார்? ஆகவே சேர்ப்பு நடக்கும், நீக்கம் மறந்துபோகும்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. லினக்ஸ் கணினி நம்மைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. கையால் சேர்க்கும்போது வந்த வரிசைப்படி 1001, 1002 என்று எண் விழும். ஏழாம் கணினியில் 1003 என்பது ஒருத்தியின் எண். பன்னிரண்டாம் கணினியில் அதே எண் வேறொருவனுக்கு. அவளுடைய வட்டைக் கழற்றி அங்கே மாட்டினால் அவளுடைய கோப்புகளுக்கெல்லாம் அவன் உரிமையாளன் ஆகிவிடுவான். ஈராண்டு சென்றபின் எந்தக் கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. ஏட்டில் ஒன்று, கணினியில் ஒன்று என்று ஆகிவிடும்.

இருவகைக் கல்வெட்டுகள்

இதற்கு மாற்று என்ன? எங்கள் ஊராகிய திருவதிகையிலிருந்தே தொடங்குகிறேன். வீரட்டானத்துக் கோயிலில் நரலோகவீரனைப் பற்றிய செய்யுள் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோரின் படைத்தலைவன் அவன். தில்லையிலும் அவனைப் பற்றிய செய்யுட்கள் கல்லில் உள்ளன. இவை இன்ன திருப்பணி செய்தான், இன்னது கொடுத்தான் என்று செயல்களை அடுக்கிச் சொல்லுகின்றன. படித்து மகிழலாம். ஆனால் இன்று கோயிலில் என்ன இருக்கவேண்டும் என்பதை அதிலிருந்து நேராக அறிய முடியாது. செயல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறுவகைக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் காலத்தது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அங்கே யார், அவருக்கு எத்தனை பங்கு என்று வரிசையாகச் சொல்லுகிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வர வேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரை இட வேண்டும் என்ற விதியும் அதிலேயே இருக்கிறது.

முன்னது ‘செய்தான்’ என்கிறது. பின்னது ‘இருக்க வேண்டும்’ என்கிறது. முன்னது வரலாறு, பின்னது அமைப்பு. கையால் கட்டளை தட்டிக் கணக்குத் திறப்பது முதல் வகை. இறுதியில் எப்படி இருக்கவேண்டும் என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்து, அதற்கேற்பக் கணினியையே அமைந்துகொள்ளச் செய்வது இரண்டாம் வகை. இதனை அறிவிப்பு முறை எனலாம்.

ஏடே கணினி ஆவது

இம்முறையில் முழுமையாக இயங்கும் இயங்குதளம் ஒன்று இன்று இருக்கிறது. நிக்ஸ் ஓ.எஸ். என்று பெயர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-ல் தொடங்கி, 2006-ல் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த நிக்ஸ் என்ற கருவியின்மேல் எழுந்தது. உரிமக் கட்டணம் இல்லாதது. லினக்ஸ் நமக்குப் புதிதன்று. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்சை, 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் சேர்த்துப் பார்த்தவர்கள் நம் அண்ணன்மாரும் அக்காமாரும்.

நிக்ஸ் ஓ.எஸ்.-இல் கணினியின் அமைப்பு முழுவதும் ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கும். அதில் பயனர் பகுதியும் ஒன்று. இன்ன பெயர், இன்ன எண், இவர் சாதாரணப் பயனர், இவர் இன்ன குழுவினர், இவருடைய கணக்கு இன்ன நாளோடு முடியும் என்று வரிவரியாக எழுதலாம். வெளியிலிருந்து கடவுச்சொல்லைக் கொண்டு நுழையலாமா கூடாதா, தலைமைப் பயனர் நேராக நுழையலாமா கூடாதா என்பனவும் அவ்வாறே. எழுதி முடித்து ‘ரீபில்டு’ என்று ஒரே கட்டளை கொடுத்தால், கோப்பில் உள்ளபடி கணினி மாறிவிடும். ஒரு பெயரை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் கட்டளை கொடுத்தால் அந்தக் கணக்கும் போய்விடும். அவருடைய கோப்புகள் மட்டும் அழியாமல் நிற்கும். அவருடைய எண்ணையும் அந்தக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்குத் தானாகத் தருவதில்லை. எவ்வளவு நுட்பம் பாருங்கள்! போனவருடைய கோப்புகளுக்கு வந்தவர் உரிமையாளராகும் விபத்து இங்கே இல்லை.

தவறாக எழுதிவிட்டால்? கணினி தொடங்கும்போது முந்தைய அமைப்புகளின் பட்டியலைக் காட்டும். பழையதைத் தேர்ந்து திரும்பிவிடலாம்.

பெயர் பொது, சொல் தனி

இனித்தான் கட்டுரையின் கருத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஏட்டில் எழுதலாம் என்றால் கடவுச்சொல்லையும் எழுதிவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அமைப்புக் கோப்பில் எழுதுவது எதுவும் நிக்ஸின் பொதுக் கிடங்கில் போய்ச் சேரும். அந்தக் கிடங்கை அக்கணினியில் நுழைந்த எவரும் படிக்கலாம். ஒருவழிக் குறியாக மாற்றி எழுதினாலும் அக்குறியைப் பிறர் பார்க்க முடியும். 1979-ஆம் ஆண்டுப் பாடம் இங்கேதான் வேண்டும். மாவு எதிரியின் கையில் கிடைத்தால் அகராதியை அரைத்துப் பார்க்க அவனுக்கு நேரம்தான் தேவை. அதனால்தான் குறியை வேறொரு மறைவான கோப்பில் வைத்து, ஏட்டில் அக்கோப்பின் இருப்பிடத்தை மட்டும் எழுதும் வழியை நிக்ஸ் ஓ.எஸ். தந்திருக்கிறது.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. அந்த இயங்குதளத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. கண்டிப்பு நிலை, நெகிழ்ச்சி நிலை என்று வைத்துக்கொள்வோம். கண்டிப்பு நிலையில் ஏட்டில் இல்லாத எவரும் கணினியில் இருக்க முடியாது. கள்ளத்தனமாகச் சேர்த்த பெயர் அடுத்த கட்டளையில் மறைந்துவிடும். ஆனால் அதே நிலையில், மாணவர் தாமாக மாற்றிய கடவுச்சொல்லும் மறைந்து, ஏடு சொல்லும் பழைய சொல்லே திரும்பிவிடும். நெகிழ்ச்சி நிலையில் மாணவர் மாற்றிய சொல் நிலைக்கும். ஏட்டிலிருந்து நீக்கிய பெயரும் நீங்கும். ஆனால் நிர்வாகி எவரேனும் கையால் சேர்த்த பெயர் ஏட்டுக்குத் தெரியாமல் தங்கிவிடக்கூடும்.

ஒழுங்கை விரும்புவோர் முதல் நிலையே நன்று என்பர். நான் மாணவர் கூடத்துக்கு இரண்டாம் நிலையே தக்கது என்பேன். காரணம் எளிது. நான் இக்கல்லூரியின் மாணவன் என்பது கல்லூரி சொல்ல வேண்டிய செய்தி. அதை ஏட்டில் எழுதட்டும். என் கடவுச்சொல் கல்லூரி அறிய வேண்டிய செய்தி அன்று. அதை மாற்றும் உரிமை என்னிடம் இல்லையென்றால், என் பெயரில் நடப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? பொறுப்பைக் கேட்பவர்கள் உரிமையைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

துறையின் சர்வர் போன்ற ஒருசில கணினிகளுக்குக் கண்டிப்பு நிலை பொருந்தும். அங்கே நுழைவோர் சிலர். அவர்களுக்குக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இரட்டைத் திறவி முறையைக் கொடுக்கலாம். பொதுத்திறவியை ஏட்டில் எழுதினால் யாரும் பார்க்கட்டும், கவலையில்லை. தனித்திறவி அவரவரிடமே இருக்கும். கண்டிப்பு நிலையில், நிர்வாகி ஒருவரேனும் உள்ளே நுழைய வழியில்லாதபடி ஏட்டை எழுதினால், இயங்குதளம் எச்சரித்து, அமைக்க மறுத்துவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போட்டுவிடுவதைத் தடுக்கும் ஏற்பாடு இது.

மறுப்புகளும் விடைகளும்

கடவுச்சொல்லை ஒரு கணினியில் மாற்றினால் மற்ற முப்பத்தொன்பதுக்கும் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி, தெரியாது என்பதே விடை. மையச் சர்வர் ஒன்றை வைத்து எல்லாக் கணினிகளும் அதனிடம் கேட்கச் செய்யலாம். ஆனால் அந்த ஒன்று படுத்துவிட்டால் கூடமே படுத்துவிடும். நம் போன்ற கல்லூரிக்குத் தஞ்சைக் கல்வெட்டின் வழியே எளியது: பெயர், வரிசை, எத்தனையாவது கணினி. வரிசை எண்படி மாணவருக்குக் கணினியை ஒதுக்குவது பல கூடங்களில் உள்ள வழக்கந்தான். அந்த ஒதுக்கீட்டையே ஏடாக்கினால், ஒரு கணினியில் நாலைந்து பெயர்களே இருக்கும். கணினி பழுதானால் அந்த நாலைந்து வரிகளையும் வேறு கணினிக்கு மாற்றி எழுதினால் போதும்.

பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள் ஓடுமா? சி, சி++, ஜாவா, பைத்தான், பி.எச்.பி. எல்லாம் ஓடும். விஷுவல் பேசிக் போன்றவை விண்டோசையே நாடும். ஆகவே கூடம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு வரிசை போதும். இந்த இயங்குதளம் வட்டில் அதிக இடம் கேட்கும். இணையத்திலிருந்து நிறைய இறக்கும். ஒரு கணினியில் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே பெறும்படி செய்துகொள்ளலாம்.

கடைசி மறுப்பே கனமானது. ஏட்டை எழுதுபவர் கையில் அதிகாரம் குவியாதா? குவியும். தஞ்சைக் கல்வெட்டில் பெயர் பெற்ற அந்த நானூறு பெண்களும் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. பட்டியல் ஒழுங்கைத் தரும். நீதியைத் தானாகத் தராது. ஆனால் கையால் தட்டிய கட்டளைக்குச் சாட்சி இல்லை. எழுத்துக்குச் சாட்சி உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவியில் இந்த ஏட்டை வைத்தால், எந்த வரியை யார் என்று மாற்றினார் என்பது நிலையாகப் பதிவாகும். ஒருவர் எழுத மற்றொருவர் பார்த்து ஒப்பிய பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரவேண்டும் என்று விதி செய்யலாம். ஒரு மாணவரின் பெயரைச் சினத்தால் நீக்கிவிட்டு, “கணினி செய்த பிழை” என்று சொல்லித் தப்ப முடியாது.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களிடமும் நண்பர்களிடமும் நான் வேண்டுவன இவையே. மாணவர் ஒவ்வொருவருக்கும் பதிவெண்ணை ஒட்டி ஒரு பயனர் பெயரும் மாறாத ஓர் எண்ணும் தருக. சேரும் நாளிலேயே கணக்கு முடியும் நாளையும் ஏட்டில் எழுதுக. அந்த நாள் வந்தால் கணக்குத் தானே பூட்டிக்கொள்ளும், யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. நிலுவை இல்லாச் சான்றுக்கு நூலகத்தில் கையெழுத்து வாங்குவதுபோல் கணினிக் கூடத்திலும் ஒரு கையெழுத்து இருக்கட்டும். தம் கோப்புகளைப் பெற்றுக்கொண்டேன் என்று மாணவர் அங்கே எழுதித் தரட்டும். ஏட்டில் கடவுச்சொல் இடம் காலியாகவே இருக்கட்டும். அதுவரை கணக்குப் பூட்டியே இருக்கும். அடையாள அட்டையோடு வரும் மாணவர், உதவியாளர் கட்டளை கொடுத்துவிட்டு விலகி நிற்க, தம் சொல்லைத் தாமே தட்டட்டும்.

ஏட்டை எழுதும் பணியில் இறுதியாண்டு மாணவர் இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பாடநூலில் இயங்குதளம் என்று படிப்பதை நாற்பது கணினிகளின் மேல் கண்ணால் காண்பதற்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி எது? அடுத்த ஆண்டு அவர்கள் போய்விடுவார்கள். ஆனால் ஏடு இருக்கும். அதைப் படித்தே அடுத்தவர் கற்றுக்கொள்வார்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. இருக்கும் கணினிகளில் ஒரு வரிசையும், ஒரு கோடை விடுமுறையும், ஆசிரியர் ஒருவரின் ஒப்புதலும் போதும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகள் நம்மில் பலர். எட்டாம் எண் இருக்கையில் அமரும் ஒரு பெண், ‘ஸ்டூடண்ட்’ என்ற ஊர்ப்பொதுப் பெயரை விடுத்துத் தன் பெயரைத் தட்டி, தான் மட்டுமே அறிந்த சொல்லைத் தட்டி, நேற்று விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்வாள் என்றால், அது சிறிய மாற்றமன்று. வரும் கல்வியாண்டிலேயே அந்த முதல் வரிசையைத் தொடங்குவோமாக!